ஒருவர் பக்கத்தை இன்னொருவர் மடிக்கட்டும்

கேள்வி:

நாங்கள் ஆறு பேர். ஓவியம், சிற்பம், வீடியோ, நிகழ்த்துகலை என்று பார்ப்பதைப் பற்றி எழுதுகிறோம், ஆனால் விமர்சனமாக அல்ல. ஒருவர் பட்டியலாக எழுதுவார், ஒருவர் சிற்பத்திடம் கேள்வி கேட்பதுபோல் எழுதுவார், நான் பாதி எழுத்தும் பாதி கோடுமாக ஏதோ செய்கிறேன். எங்கே அனுப்பினாலும் ‘இது கட்டுரையா கவிதையா’ என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். சரி, நாமே குழுவாகச் சேர்ந்து நாமே வெளியிடுவோம் என்று எட்டு மாதத்துக்கு முன் முடிவு செய்தோம். இதுவரை குழுவுக்குப் பெயர் முடிவாகவில்லை, கொள்கை அறிக்கை ஒன்பதாவது வடிவத்தில் நிற்கிறது. முறைப்படி பதிவு செய்ய வேண்டும் என்கிறார் ஒருவர், அச்சே வேண்டாம் பிடிஎஃப் போதும் என்கிறார் இன்னொருவர். வேலையெல்லாம் இரண்டு பேர் தலையில். எங்களில் ஒருத்தி இன்னும் எதுவுமே எழுதவில்லை, விலகிவிடவா என்று கேட்கிறாள். போன வாரம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது, எங்களில் யாரும் மற்றவர் எழுதியதை முழுதாகப் படித்ததில்லை. இது ஒரு குழுதானா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம். பெயர், அறிக்கை, பதிவு, அச்சா பிடிஎஃப்பா என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள், எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நான் நாலைந்து முறை திரும்பப் படித்தது, ஒருவர் எழுதியதை மற்றவர் முழுதாகப் படித்ததில்லை என்ற அந்த வரியைத்தான். அதை எழுத உங்களுக்குத் தயக்கம் இருந்திருக்கும். எழுதியது நல்லதாயிற்று, ஏனென்றால் உங்கள் எட்டு மாதம் எங்கே போனது என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

நான் புத்தகங்களை எடிட் செய்து, வடிவமைத்து, கையால் தைத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. நான்கு குழுக்களில் இருந்திருக்கிறேன். அதில் இரண்டு உடைந்தன. உடைந்த இரண்டிலும் கொள்கையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை, அறிக்கை அழகாகவே எழுதியிருந்தோம். ஆனால் அவரவர் எழுத்தை அவரவர் கொண்டுவந்து கொடுத்தோம், யாரோ ஒருவர் அதையெல்லாம் சேர்த்துக் கட்டினார், அவருக்குக் கை ஓய்ந்ததும் குழுவும் ஓய்ந்தது. நிலைத்த இரண்டிலும் ஒருவர் பக்கத்தை இன்னொருவர் கையில் எடுத்து வேலை செய்தோம், படித்தோம், பிழை திருத்தினோம், மடித்தோம், தைத்தோம். எனக்குத் தெரிந்தவரை குழு உருவாவது அந்த வேலையில்தான்.

அதனால் அறிக்கையை மூடி வையுங்கள். பெயரையும்தான். முதல் இதழில் ‘ஆறு பேர்’ என்று போட்டாலும் குறைவில்லை. அடுத்த ஆறு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறித்து, அன்றைக்குப் பதினாறு பக்கத்தில் ஒரு சின்ன இதழைக் கையில் வைத்திருப்போம் என்று முடிவெடுங்கள். ஆளுக்கு இரண்டு பக்கம் என்றால் பன்னிரண்டு, மீதி நாலு பக்கம் அட்டைக்கும் நூல் விவரத்துக்கும்.

இப்படிச் செய்தவர்கள் முன்பே இருக்கிறார்கள். 1970-இல் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கோஸ்டலனெட்ஸும் நண்பர்களும் ‘அசெம்பிளிங்’ என்ற ஆண்டிதழைத் தொடங்கினார்கள். எங்கும் வெளியிட முடியாத சோதனை எழுத்து வைத்திருந்தவர்களை அழைத்து, ஆளுக்கு நாலு பக்கம் வரை, நீங்களே ஆயிரம் பிரதி அச்சிட்டு அனுப்புங்கள் என்றார்கள். வந்த பக்கங்களை எழுதியவர் பெயரின் அகரவரிசையில் அடுக்கிக் கட்டினார்கள். அழைக்கப்பட்டவர் எதை அனுப்பினாலும் அது உள்ளே போகும். செலவும் பொறுப்பும் எல்லோருக்கும் பிரிந்துவிட்டது. ‘இது கட்டுரையா கவிதையா’ என்று கேட்க அங்கே யாரும் இல்லை. உங்கள் ஆறு பேருக்கும் பெரிதாக வேலை வைக்காத வடிவம் இது, கிட்டத்தட்ட இப்படியே எடுத்துக்கொள்ளலாம். நம் சிற்றிதழ் மரபிலும் இதுதானே நடந்தது, 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ என்று சொந்தமாக ஒரு பத்திரிகை தொடங்கியதால்தான் புதுக்கவிதைக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது. இடம் கொடுப்பார் இல்லாத எழுத்து தனக்கு வேண்டிய இடத்தைத் தானே கட்டிக்கொள்வது புதிதல்ல.

ஆனால் ‘அசெம்பிளிங்’ முறையில் உங்களுக்கு ஒன்று போதாது. அங்கே எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் படித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை, நீங்களோ அதைத்தான் குறையாகச் சொல்கிறீர்கள். அதற்கு நான் பயன்படுத்தும் வழி இது. ஆறு பேரும் வட்டமாக உட்காருங்கள். உங்கள் இரண்டு பக்கத்துக்கு எடிட்டர் உங்கள் வலப்பக்கம் இருப்பவர். அவர் பக்கங்களுக்கு அவருக்கு வலப்பக்கம் இருப்பவர். இப்படியே சுற்றி வாருங்கள். எடிட்டர் என்றால் பாராட்டுபவர் என்று அர்த்தம் இல்லை. அந்த எழுத்தை மூன்று முறையாவது படித்து, ஒருமுறை சத்தமாக வாசித்து, எங்கே தனக்குப் பிடி விட்டுப்போனது என்று குறித்து, அதற்குப் பிறகு லேஅவுட்டும் செய்ய வேண்டும். எழுதியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு நண்பர், கண்காட்சி ஒன்றில் ஒரே ஓவியத்துக்கு எதிரே ஒரு மதியம் முழுவதும் உட்கார்ந்து, வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதன் முன் எத்தனை நொடி நின்றார்கள் என்று மட்டும் எழுதினார். ‘நான்கு.’ ‘ஏழு.’ ‘மூன்று, திரும்பி வந்து இருபது.’ ஓவியத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல் கூடக் கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே விட்ட வெற்றிடம் அந்த நொடிகளின் அளவில் இருந்தது, நான்கு நொடிக்கு நான்கு மில்லிமீட்டர், இருபதுக்கு இருபது. படிக்கும்போது கண் அந்த வெள்ளையில் காத்திருக்கும், காத்திருக்கும்போது நாமும் ஓர் ஓவியத்தின் முன் நிற்பதுபோல் ஆகிவிடும். அது அச்சாகி வந்தபோது எல்லா வரியும் ஒரே இடைவெளியில் நின்றது. டிடிபி செய்தவர் இடைவெளிகள் தாறுமாறாக இருப்பதாக நினைத்து, அக்கறையோடுதான், சமப்படுத்திவிட்டார். மிஞ்சியது வெறும் எண்களின் பட்டியல். நண்பர் எதுவும் சொல்லவில்லை, ஒரு பிரதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாங்கள் யாருமே அவரை ஒருமுறை கூட ‘இந்த இடைவெளி எதற்கு’ என்று கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் டிடிபி செய்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்போம்.

உங்களைப் போன்றவர்கள் எழுதுவதில் இடைவெளியும் பக்கம் திரும்புவதும் காகிதத்தின் தடிமனும் எழுத்தின் பகுதிதான். ஆம்ஸ்டர்டாமில் 1975-இல் ‘அதர் புக்ஸ் அண்ட் சோ’ என்ற கடையை, கலைஞர் நூல்களுக்காக, அதாவது கலைஞர்கள் கலைப்படைப்பாகவே செய்யும் நூல்களுக்காக, தொடங்கிய மெக்சிகோக்காரர் உலிசெஸ் கரியோன் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னார்: பழைய முறையில் எழுத்தாளர் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார், புதிய முறையில் அவர் புத்தகத்தையே செய்கிறார், முழுப் பொறுப்பும் அவருடையது. நீங்கள் ‘பாதி எழுத்தும் பாதி கோடுமாக ஏதோ’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஏதோ’ வேண்டாம். உங்கள் பக்கத்துக்கு எவ்வளவு ஓரம் வேண்டும், கோடு மடிப்பின் குறுக்கே போகலாமா, எதிர்ப்பக்கம் காலியாக இருக்க வேண்டுமா என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உங்கள் எடிட்டர் கேட்கும்போது தெரிந்துவிடும்.

இனி கைவேலை. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். பதினாறு பக்கத்துக்கு நாலு தாள். அட்டையைத் தனிக் கெட்டித் தாளில் போட ஆசைப்பட்டால் அது ஐந்தாவது தாள், அப்போது பக்கங்கள் இருபது. எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தோடு ஒரே தாளில் வரும் என்பதுதான் முதல் முறை செய்பவர்களை அலைக்கழிக்கும். அதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. பக்கத்து பக்கத்தில் அச்சாகும் இரண்டு எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று கூடுதலாக வர வேண்டும். பதினாறு பக்கம் என்றால் பதினேழு. வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1. மறுமுகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பின்னால் 4, 13. நடுத்தாளின் உள்முகத்தில் 8, 9. இந்த எட்டும் ஒன்பதும் மட்டும்தான் ஒரே தாளில் பக்கத்து பக்கமாக இருந்து, திறந்தாலும் அப்படியே சேர்ந்து தெரியும். இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஓடும் படமோ கோடோ யாரிடமாவது இருந்தால் நடுப்பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். அநேகமாக அது நீங்கள்தான். கணக்கு போட்டாலும் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் வெற்றுத் தாள் நாலை மடித்து, பென்சிலால் எண் எழுதி ஒரு டம்மி செய்துவிடுங்கள், சண்டை பாதி குறையும்.

காகிதத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. ஒரு தாளை நீளவாக்கில் லேசாக வளைத்துப் பாருங்கள், பிறகு குறுக்குவாக்கில். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அதுதான் நாரின் திசை. மடிப்பு அதே திசையில் விழுந்தால் இதழ் அடக்கமாக மூடிக்கொள்ளும், குறுக்கே விழுந்தால் அட்டை மடிப்பில் வெடிப்பு விடும், இதழ் வாயைத் திறந்துகொண்டே கிடக்கும். தாள் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்கலாம். இன்னொன்று, தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். நாலு தாளில் அது கண்ணுக்குத் தெரியாது, பத்துப் பன்னிரண்டு தாள் ஆனால் நன்றாகத் தெரியும், ஓரத்தைக் கட்டிங் செய்யும்போது உள்பக்கங்களின் ஓர எழுத்து போய்விடலாம். ஓரத்தில் எழுத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்டர் பின் அடித்தால் சீக்கிரம் முடியும். ஆனால் முதல் இதழை நூலால் தையுங்கள் என்பேன். அழகுக்காகச் சொல்லவில்லை, ஆறு பேரும் ஒரு மேசையைச் சுற்றி நாலு மணி நேரம் உட்கார வேண்டி வரும் என்பதற்காக. மடிப்பில் மூன்று துளை. நடுத்துளையில் உள்ளிருந்து ஊசியை வெளியே எடுங்கள், மேல்துளை வழியாக உள்ளே போங்கள், உள்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வாருங்கள், திரும்ப நடுத்துளையில் உள்ளே. இப்போது நூலின் இரண்டு முனையும் உள்ளே இருக்கும். நடுவே ஓடும் நீளத் தையலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பிடித்து முடிச்சு போடுங்கள். அவ்வளவுதான். இதழின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நூல் இருந்தால் தாராளம். மூன்றாவது பிரதியிலேயே கை பழகிவிடும். கை பழகியதும் பேச்சு வரும். ‘உன் பதினொன்றாம் பக்கத்தில் அந்த மூன்றாவது வரி’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எட்டு மாதமாக நடக்காத பேச்சு அது.

எத்தனை பிரதி? ஐம்பது. நிறைய அடித்தால் ஒரு பிரதியின் செலவு குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், கணக்கு சரிதான், ஆனால் விற்காத பிரதிகள் யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் என்பது குழுவைத் தின்னும் கேள்வி. ஐம்பதைத் தைத்துவிடலாம், சுமக்கலாம், கொடுத்தும் தீர்க்கலாம். ஆளுக்கு மூன்று பிரதி போனால் மீதி முப்பத்திரண்டு. அதில் ஐந்தைப் பிரிக்காமல் எடுத்து வையுங்கள். பிறகு வேண்டியிருக்கும். நியூயார்க்கில் 1976-இல் மார்த்தா வில்சன் தொடங்கிய ஃப்ராங்க்ளின் ஃபர்னஸ் என்ற கலை அமைப்பு, கலைஞர்கள் தாங்களே வெளியிட்ட நூல்களைச் சேர்த்து வைத்தது. அந்தச் சேகரிப்பு 1993-இல் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனது. தன் நூலில் ஒரு பிரதி கூடக் கைவசம் வைக்காதவர்கள் உண்டு, நானும் என் முதல் இதழை இழந்தவர்தான், இன்றுவரை தேடுகிறேன்.

அச்சா பிடிஎஃப்பா என்று சண்டை போட வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. அச்சு குழுவை உருவாக்கும், பிடிஎஃப் தொலைவில் இருப்பவருக்குப் போய்ச் சேரும். ஐம்பது பிரதி தீர்ந்ததும் பிடிஎஃப்பைத் திறந்துவிடுங்கள். ஆனால் பக்கத்தைப் பக்கமாகவே நினைத்துச் செய்த எழுத்தை ஃபோனில் உருட்டிப் படிக்கும்போது அது வேறொன்றாகிவிடும், அதனால் அந்தந்த எழுத்தாளரையே திரைக்கு எப்படி வேண்டும் என்று யோசிக்கச் சொல்லுங்கள். ரிசோகிராஃப் அச்சு இயந்திரம் கிடைக்கும் இடத்தில் இருந்தால் அதையும் முயன்று பாருங்கள். ஸ்டென்சில் முறைதான், பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு நிறம், இரண்டாம் நிறம் கொஞ்சம் விலகித்தான் விழும், மை விரலில் ஒட்டும். அந்த விலகலையே எழுத்தில் பயன்படுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலையெல்லாம் இரண்டு பேர் தலையில் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பேரில் நீங்கள் ஒருவர் என்று ஊகிக்கிறேன். இதில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ‘எங்களில் தலைவர் யாரும் இல்லை, எல்லோரும் சமம்’ என்று சொல்லும் குழுக்களில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-இல் ஆற்றிய உரையில் இதைத்தான் பேசினார். அமைப்பே இல்லை என்று சொல்லிக்கொள்ளும் குழுவில், யார் யாருக்கு நெருக்கம் என்பதே அமைப்பாகிவிடுகிறது, அதைத் தட்டிக் கேட்க வழியும் இல்லை. உங்கள் குழுவிலும் பாருங்கள், முடிவுகள் உண்மையில் எங்கே எடுக்கப்படுகின்றன? வாட்ஸ்அப் குழுவிலா, இல்லை நீங்கள் இரண்டு பேரும் இரவில் ஃபோனில் பேசும்போதா? நிறைய வேலை செய்பவர்களே நிறைய முடிவும் எடுக்கிறார்கள். அதனால் மற்ற நாலு பேரும் ஒதுங்குகிறார்கள், அவர்கள் ஒதுங்குவதால் வேலை இன்னும் உங்கள் மேல் விழுகிறது. இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, ஆனால் நடக்கிறது.

இதற்கு நியூயார்க்கின் ‘ஹெரசீஸ்’ குழு கண்ட வழி எனக்குப் பிடிக்கும். கலையும் அரசியலும் பற்றிப் பெண்ணியக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து நடத்திய இதழ் அது, 1977 முதல் 1993 வரை 27 இதழ்கள் வந்தன. தாய்க் குழு ஒன்று இருக்கும், ஆனால் ஒவ்வொரு இதழையும் அந்த இதழுக்கென்றே சேர்ந்த தனி ஆசிரியர் குழு செய்யும். உங்கள் அளவுக்கு இதைச் சுருக்கினால், இதழுக்கு இரண்டு பேர் பொறுப்பு. தேதி, தாள், பக்கவரிசை எல்லாம் அந்த இருவர் முடிவு, மற்றவர்கள் யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. அடுத்த இதழுக்கு வேறு இருவர். மூன்று இதழில் ஆறு பேரும் பொறுப்பில் இருந்திருப்பீர்கள். மூன்றாவது இதழ் முதல் இதழைப்போல இருக்காது. உங்களுக்குப் பிடிக்காத தாளில், பிடிக்காத எழுத்துருவில் வரலாம். அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதிலும் தப்பில்லை, அப்போது நீங்கள் பதிப்பாளர், மற்றவர்கள் உங்கள் எழுத்தாளர்கள், அதை வெளிப்படையாகச் சொல்லி அதற்கேற்ற மாதிரி நடத்துங்கள். குழு என்ற பெயரில் அதைச் செய்வதுதான் மற்றவர்களுக்கு வலிக்கும்.

பதிவு இப்போது வேண்டாம். ஆறு பேர் ஐம்பது பிரதி செய்வதற்குச் சட்ட வடிவம் தேவையில்லை. குழு பெயரில் வங்கிக் கணக்கு, நல்கை, வாடகை ஒப்பந்தம் என்று ஏதாவது உண்மையில் வாசலுக்கு வரும்போது உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு முடிவெடுங்கள். ஐஎஸ்பிஎன் பற்றியும் யாராவது பேசுவார்கள். அந்த 13 இலக்க எண் கடைகளும் நூலகங்களும் நூலை அடையாளம் காண்பதற்கானது, அது இல்லாததால் உங்கள் இதழின் மதிப்பு குறையாது. சில நாடுகளில் இலவசம், சில நாடுகளில் காசு. தொடர்ந்து வரும் இதழுக்கு வேறு எண், எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என். மூன்றாவது இதழ் வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் எழுதி வைக்க வேண்டியது ஒன்று உண்டு, அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே ஒரு தாள். எழுதியதன் உரிமை எழுதியவருக்கே. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு எதுவும் தேவையில்லை. குழுவுக்கு இந்த இதழில் அச்சிடவும் பிடிஎஃப் வெளியிடவும் மட்டும் அனுமதி. யார் எவ்வளவு பணம் போட்டார், விற்று வந்தால் அது திருப்பித் தரப்படுமா அடுத்த இதழுக்குப் போகுமா என்பது. ஒருவர் விலகினால் அவர் எழுத்து என்ன ஆகும், குழுவின் பெயர் யாரிடம் இருக்கும். மின்னஞ்சல் பாஸ்வேர்டு குறைந்தது இரண்டு பேரிடம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடைந்த குழுக்களில் ஒன்றில் எங்கள் ஃபைல்கள், வாசகர் முகவரிகள், மீதிப் பிரதிகள் எல்லாம் ஒரே நண்பரிடம் இருந்தன, நம்பிக்கையால்தான் அப்படி வைத்தோம். அவர் மனம் நொந்து விலகியபோது எங்களால் கேட்கவும் முடியவில்லை, அவரால் தரவும் முடியவில்லை. இரண்டு வருட வேலை அப்படியே போனது. எழுதி வைத்திருந்தால் நட்பாவது மிஞ்சியிருக்கும்.

கலை பற்றி எழுதுபவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று. ஓவியத்தின் படத்தை உங்கள் பக்கத்தில் போடுவதற்குப் பெரும்பாலும் ஓவியரின் அனுமதி வேண்டும். ஓவியத்தை யாரோ வாங்கிவிட்டாலும் பொதுவாக அதைப் பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். படம் எடுத்த புகைப்படக்காரருக்கும் தனி உரிமை இருக்கலாம். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருவார்கள், உங்கள் ஐம்பது பிரதியில் ஒன்றை அவருக்கு அனுப்புங்கள். படமே போடாமல் எழுத்தாலேயே படத்தை எழுப்ப முடியுமா என்று பார்ப்பதும் உங்கள் மாதிரி எழுத்துக்கு நல்ல சவால்தான்.

நூல் விவரப் பக்கத்துக்கு நேரம் கொடுங்கள். மாதம், வருடம், எத்தனை பிரதி, என்ன தாள், எந்த எழுத்துரு, யார் எழுத்துக்கு யார் எடிட்டர், யார் மெய்ப்பு பார்த்தார், யார் மடித்தார், யார் தைத்தார் என்று எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொரு பிரதியிலும் கையால் எண் போடுங்கள். தேதி இல்லாத இதழை இருபது வருடம் கழித்து எடுத்துப் பார்ப்பவருக்கு அதை எங்கே வைத்துப் புரிந்துகொள்வதென்று தெரியாது.

‘யார் படிப்பார்கள்’ என்று உங்கள் கடிதத்தில் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே அது இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர் எட் ரூஷே 1963-இல் பெட்ரோல் நிலையங்களின் படங்கள் இருபத்தாறை மட்டும் வைத்து ஒரு சின்ன நூலைத் தானே வெளியிட்டார், முதல் பதிப்பு 400 பிரதி. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்காமல் திருப்பிவிட்டது. அவர் அந்த நிராகரிப்பையே தேதியோடு போட்டு ஒரு கலை இதழில் விளம்பரம் கொடுத்தார். இன்று கலைஞர் நூல்கள் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்த நூலைத் தொடாமல் போக முடியாது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, நடக்காமலும் போகலாம். திரும்பி வந்ததை அவர் ஒளித்து வைக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ‘இது கட்டுரையா கவிதையா’ என்று உங்களுக்கு வந்த பதில்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

முதல் வாசகர்கள் நீங்கள் ஆறு பேர். அடுத்து, யாருடைய வேலையைப் பார்த்து எழுதினீர்களோ அந்தக் கலைஞர்கள். அப்புறம் இதேபோல் சின்னதாக வெளியிடும் மற்றவர்கள், அவர்களோடு பிரதிக்குப் பிரதி மாற்றிக்கொள்ளுங்கள், காசைவிட அதில் வருவது அதிகம். ஒரு நூலகத்துக்கு இரண்டு. எடுத்து வைத்த ஐந்து போக மீதி இருபத்தேழும் இப்படியே போய்விடும்.

கடைசியாக, இன்னும் எதுவும் எழுதாத உங்கள் தோழி. அவரை விலக விடாதீர்கள். எட்டு மாதமாக எதையும் எழுதாமல் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவருக்கு இது வேண்டியிருக்கிறது. ஐந்து பேரின் எழுத்தையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கும் ஒரே ஆளாக அவர் இருக்கட்டும். மெய்ப்பு அவர் கையில், பக்கவரிசைக்கும் பொறுப்பாளர்களுக்கு அவர் யோசனை சொல்லட்டும், எதற்குப் பிறகு எது வந்தால் சரியாக இருக்கும் என்று ஐந்தையும் படித்தவருக்குத்தான் தெரியும். அவருக்கான இரண்டு பக்கத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். தைக்கும் நாள் வரை காலியாக வைத்திருங்கள், அன்றைக்கும் காலியாக இருந்தால் காலியாகவே தைத்து, நூல் விவரப் பக்கத்தில் அந்தப் பக்கங்களின் எண்ணுக்கு நேரே அவர் பெயரைப் போடுங்கள். இதை அவரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.